குடும்ப வானொலி: கையடக்க இருவழி வானொலியின் வரலாறு

குடும்ப வானொலிச் சேவை என்பது, உரிமமோ கட்டணமோ இன்றிப் பொதுமக்கள் குறுகிய தொலைவுக்குள் பேசிக்கொள்வதற்காக 1996 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட வானொலி ஏற்பாடாகும். பேச்சு வழக்கில் வாக்கி-டாக்கி எனப்படும் கையடக்கக் கருவியே இதற்குப் பயன்படுகிறது. பொத்தானை அழுத்திப் பேச வேண்டும். விட்டுவிட்டால் மறுமுனையில் இருப்பவர் பேசுவது கேட்கும். ஒரே நேரத்தில் இருவரும் பேச இயலாது. ஆனால் இடையில் கோபுரமோ கம்பியோ தேவையில்லை. புயலில் மின்சாரம் நின்று கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தாலும், இரு கருவிகளிலும் மின்கலம் இருக்கும் வரை இவை வேலை செய்யும்.

இந்த வசதி இராணுவத்திலிருந்து சாதாரணக் குடும்பத்தின் கைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கருவியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. அதைப் பொதுமக்கள் எந்த அதிர்வெண்ணில் பயன்படுத்துவது என்பதுதான் நெடுநாள் தீராத சிக்கலாக இருந்தது.

தொடக்கம்

1937 ஆம் ஆண்டில் கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் என்பவர், தாம் பணியாற்றிய சுரங்க நிறுவனத்தின் விமானிகளுக்காக எடுத்துச் செல்லக்கூடிய இருவழி வானொலி ஒன்றை உருவாக்கினார். வடகனடாவின் காடுகளில் விமானம் தரையிறங்க நேர்ந்தால் உதவி கேட்க வேறு வழியில்லாத காலம் அது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆல்ஃபிரட் கிராஸ் என்ற இளைஞர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கையடக்கக் கருவியொன்றை வடிவமைத்தார். யாரை முதல்வர் என்பது என்ற விவாதம் இன்றும் உண்டு. இருவரும் தனித்தனியாக உழைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இரண்டாம் உலகப் போரின்போது மோட்டோரோலா (அன்றைய கால்வின் நிறுவனம்) இரு கருவிகளைத் தயாரித்தது. எஸ்.சி.ஆர்-536 கையில் பிடிக்கும் கருவி. எடை ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. அதற்குத் தனியாக மின்விசை கிடையாது. அலைக்கம்பியை வெளியே இழுத்தால் கருவி இயங்கத் தொடங்கும். தரையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரை எட்டும். முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்-300 இன் எடை 15 கிலோவுக்கு மேல். வாக்கி-டாக்கி என்ற பெயர் முதலில் இந்தச் சுமைக் கருவிக்கே உரியது. கைக்கருவியை ஹேண்டி-டாக்கி என்றனர். பின்னாளில் பெயர் இடம் மாறிவிட்டது.

460 முதல் 27 வரை

போர் முடிந்ததும், இத்தகைய வானொலியைக் குடிமக்களுக்கும் தருவதென அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் தீர்மானித்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட பகுதி 460 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை. உரிமம் வேண்டும், ஆனால் அமெச்சூர் வானொலியாளர்கள் எழுதும் மோர்ஸ் தேர்வு போன்ற எதுவும் இல்லை. கிராஸ் இதற்கென நிறுவனம் தொடங்கினார். 1948 இல் அவருடைய கருவிக்கு ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்தது. உழவர்களும் கடலோரக் காவல் படையும் அவருடைய கருவிகளை வாங்கினர்.

எனினும் சேவை பரவவில்லை. காரணம் வெற்றிடக் குழாய்கள். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் நிலையாக இயங்கும் கருவியை அன்றைய குழாய்களைக் கொண்டு மலிவாகச் செய்ய இயலவில்லை. எனவே 1958 இல் ஆணையம் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. இதுவே சி.பி. வானொலி எனப் புகழ்பெற்றது. 1973 இன் எண்ணெய் நெருக்கடியின்போது பெட்ரோல் கிடைக்கும் இடத்தையும், வேகக் கட்டுப்பாட்டைக் கண்காணிக்கும் காவலர்கள் நிற்கும் இடத்தையும் சரக்குந்து ஓட்டுநர்கள் இதில்தான் பரிமாறிக்கொண்டனர். ஒன்பதாம் அலைவரிசை அவசர உதவிக்கென ஒதுக்கப்பட்டது. 1962 இல் தொடங்கிய ரியாக்ட் அமைப்பின் தொண்டர்கள் விபத்துச் செய்திகளைக் கேட்டுக் காவல்துறைக்குத் தெரிவித்து வந்தனர். 1977 இல் அலைவரிசைகள் 40 ஆயின. 1983 இல் உரிமமும் தேவையற்றதாயிற்று.

அப்படியானால் குடும்பத்துக்கு அதுவே போதாதா? வண்டியில் பொருத்தப் போதும், சட்டைப்பைக்குப் போதாது. அலைக்கம்பி திறம்பட இயங்க அலைநீளத்தில் கால்பங்கு நீளமாவது இருப்பது நல்லது. 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11 மீட்டர். கால்பங்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். கையில் பிடிக்கும் கருவிக்கு அது நடவாத காரியம். மேலும் அந்த அலைகள் சில வேளைகளில் வான்மண்டலத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ளவர்களின் பேச்சையும் இரைச்சலாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

மீண்டும் பழைய இடத்துக்கு

1994 இல் ரேடியோஷாக் கடைகளை நடத்திய டாண்டி நிறுவனம் புதிய சேவை ஒன்றைக் கோரி ஆணையத்திடம் மனு அளித்தது. 1996 இல் குடும்ப வானொலிச் சேவை பிறந்தது. 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் 14 அலைவரிசைகள். ஆற்றல் அரை வாட். கழற்ற முடியாத அலைக்கம்பி. 1940களில் தேர்ந்தெடுத்துக் கைவிட்ட அதே பகுதிதான் இது. அங்கே கால் அலைநீளம் 16 சென்டிமீட்டர் மட்டுமே. டிரான்சிஸ்டரும் நுண்சில்லும் வந்துவிட்டதால் விலையும் தடையாக இல்லை. 2017 இல் அலைவரிசைகள் 22 ஆகவும், அவற்றில் பெரும்பாலானவற்றின் ஆற்றல் வரம்பு 2 வாட் ஆகவும் உயர்த்தப்பட்டன.

விற்பனைப் பெட்டிகளில் 35 மைல் என்றெல்லாம் அச்சிடப்படுவதை நம்ப வேண்டியதில்லை. மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துப் பேசினால் அது நடக்கலாம். கட்டடங்கள் நிறைந்த தெருவில் ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டரே உண்மை. அதேபோல் இரகசியக் குறியீடு என விற்கப்படும் வசதியில் இரகசியம் எதுவுமில்லை. பேச்சோடு ஒரு தாழ்ந்த தொனி சேர்க்கப்படுகிறது. அந்தத் தொனி இல்லாத பேச்சை உங்கள் கருவி ஒலிக்காது, அவ்வளவே. நீங்கள் பேசுவதை அதே அலைவரிசையில் உள்ள எவரும் கேட்கலாம்.

பிற நாடுகளில்

ஐரோப்பா இதே நோக்கத்துக்கு வேறு இடத்தைத் தெரிந்தெடுத்தது. அங்கு 1998 முதல் 446 மெகாஹெர்ட்ஸ் பகுதி அரை வாட் ஆற்றலுடன் பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. இந்தியாவும் 2018 ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வாக்கி-டாக்கிகளுக்கு உரிம விலக்கு அளித்தது. ஆனால் அந்தக் கருவி வகைக்கு அரசின் தொழில்நுட்ப ஒப்புதல் இருக்க வேண்டும். எனவே அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் குடும்ப வானொலி அங்கே சட்டப்படியானது, இங்கே அவ்வாறன்று. விரும்பிய அதிர்வெண்ணைப் பதிவுசெய்துகொள்ளக்கூடிய மலிவான சீனக் கருவிகள் 2012 ஆம் ஆண்டுக்குப் பின் பரவியதால் சிக்கல் கூடியது. அறியாமல் அழுத்தும் ஒரு பொத்தான் காவல்துறை அல்லது மீட்புப் பணியினரின் பேச்சில் குறுக்கிட்டுவிடலாம். 2025 இல் இந்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையக் கடைகள் இத்தகைய கருவியின் அதிர்வெண்ணையும் ஒப்புதல் விவரத்தையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்கின்றன.