ஹார்டு டிஸ்கில் பிறந்த பியானோ

பியானோவின் இடது கோடிக் கட்டையை அழுத்திப் பிடித்தால் நாதம் அடங்க அரை நிமிஷம்கூட ஆகும். சிடி தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் விநாடிக்கு 1,76,400 பைட். அந்த ஒரு நாதமே 5 எம்பியைத் தாண்டிவிடும். பதிந்த ஒலியைக் கட்டையில் வாசிக்கத் தரும் கருவிக்கு சாம்ப்ளர் என்று பெயர். 1988-இல் வந்த அகாய் எஸ்1000 சாம்ப்ளரை வாங்கினால் கூடவே கிடைத்த மெமரி 2 எம்பி. பன்னிரண்டு விநாடிகூடத் தேறாது. பியானோவுக்கோ 88 கட்டை!

ஆகவே ஏமாற்றினார்கள். சுத்தியல் கம்பியில் விழும் கணத்தை அசலாக வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார்கள். அதுதான் லூப். பக்கத்துக் கட்டைகளுக்கும் அதே பதிவைச் சுருதி மாற்றி ஒட்டினார்கள். இதில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்றாலும், கம்பி மெல்ல மெல்லச் சாவதை லூப்பால் நடிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஹார்டு டிஸ்க் மலிந்தது. இடம் கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை. டிஸ்கின் முள் சரியான இடத்துக்குப் போய்ச் சேரவே பத்து மில்லிவிநாடி போலப் பிடிக்கும். பெடலை மிதித்தபடி வாசித்தால் ஐம்பது அறுபது நாதங்கள் ஒரே சமயம் ஒலிக்கும். அத்தனையும் வரிசையில் நின்றால் தாளம் என்ன ஆவது?

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இருந்த நெமிசிஸ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு பதிவின் தலையை மட்டும் மெமரியில் வைத்திரு, உடலை டிஸ்கிலேயே விடு. கட்டையைத் தட்டியதும் தலை ஒலிக்கும். அது முடிவதற்குள் மிச்சம் டிஸ்கிலிருந்து வந்து சேர்ந்துவிடும். பந்தியில் முதல் கரண்டியைப் போட்டுவிட்டு, இலைக்காரர் பிசைவதற்குள் அடுத்த வாளிக்கு ஓடுவதைப் போல. 1998 வாக்கில் வெளிவந்த அவர்களது கிகாசாம்ப்ளர் மென்பொருளில் லூப்பே இல்லாத ஒரு ஜிபி பியானோ ஒலித்தது. எனக்கு இது ஒரு கஞ்சனின் மூளையில் உதித்த யோசனையாகத்தான் தோன்றுகிறது, அழகே அதில்தான்.

சவுண்ட் கார்டு வேறு தொல்லை. விண்டோஸ் வழக்கமாக ஒலியை அனுப்பும் பாதையில் தாமதம் அதிகம். அதனால் நெமிசிஸ் ஜிஎஸ்ஐஎஃப் என்று தனிப் பாதையே போட்டது. கார்டு செய்தவர் அதற்கு டிரைவர் எழுதியிருந்தால்தான் உண்டு.

எந்தக் கட்டை தட்டப்பட்டது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது மிடி. 1983-இல் வந்த அது, ஒரு கேபிளுக்கு 16 சேனல்தான் தரும். கிகாசாம்ப்ளருக்கு அடுத்து வந்த கிகாஸ்டுடியோ 160, நான்கு கேபிள் அளவுக்கு 64 சேனல்களை ஏற்றது. வயலின் ஒன்றில், ஓபோ இன்னொன்றில். பல வாசல் கொண்ட கார்டு இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே மிக்ஸருக்கு இழுத்துக்கொள்ளலாம். சினிமா இசையமைப்பாளர்கள் தந்திக்கு ஒரு கம்ப்யூட்டர், பித்தளைக் கருவிகளுக்கு ஒன்று என்று அடுக்கிவைத்தார்கள்.

2001-இல் நெமிசிஸ், டாஸ்காம் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2008-இல் டாஸ்காம் கிகாஸ்டுடியோவைக் கைவிட்டது. அதற்குள் கோன்டாக்ட் போன்ற போட்டி மென்பொருள்களும் டிஸ்கிலிருந்து வாசிக்கக் கற்றுவிட்டிருந்தன. அந்தக் காலத்து கிகா கோப்புகளை லினக்ஸ்சாம்ப்ளர் என்ற மென்பொருள் இன்னமும் திறந்து வாசிக்கிறது.