சோழர்கள் வீழ்ந்தார்கள், தீண்டாச்சேரி வீழவில்லை

சோழர் பெருமை பேசாத மேடை இன்று தமிழ்நாட்டில் இல்லை. கடாரம் வென்ற கதையும் தஞ்சைப் பெரிய கோயிலும் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பெரிய பேரரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்டால் மட்டும், கடைசி மன்னர்கள் திறமையற்றவர்கள், பாண்டியர்கள் படையெடுத்தார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

படையெடுப்பு நடந்தது உண்மைதான். 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். 1231-இல் மூன்றாம் ராஜராஜனை அவனுக்குக் கீழிருந்த காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். சோழ மன்னனை மீட்க ஒய்சளர் படை வர வேண்டியிருந்தது. 1279-க்குப் பிறகு சோழ அரசு என்று ஒன்று இல்லை.

ஆனால் ஒரு சிற்றரசன் பேரரசனையே சிறைவைக்கும் நிலை ஒரே நாளில் வந்துவிடாது. சோழ அரசின் உயிர்நாடி நிலவரி. அதற்காகத்தான் முதலாம் ராஜராஜன் நிலத்தை அளந்தான். அதே அரசு, ஊர் ஊராக நிலத்தைப் பிரமதேயமாகவும் தேவதானமாகவும் எழுதிக்கொடுத்தது. அந்த நிலங்களின் வருவாய் பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் போனது. 12-ஆம் நூற்றாண்டில் காவிரிப் படுகையில் தனியார் கையில் பெருநிலங்கள் சேர்ந்தன. பாடிகாவல் உரிமை பெற்ற தலைவர்கள் ஊர்களில் வரி தண்டினார்கள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் அந்தத் தலைவர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, அதைக் கல்லிலும் வெட்டினார்கள். நிலமும் வரியும் யார் கையில் இருந்ததோ, அதிகாரமும் அவர்கள் கைக்குப் போனது. மன்னனிடம் மெய்க்கீர்த்தி மிஞ்சியது.

இந்தச் சுமை யார் தலையில் விழுந்தது? திருப்பாம்புரம் கோயிலில் 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் ஒரு வேளாளர், தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்ட செய்தி அது. பேரரசு விழுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நெல் விளையும் காவிரிப் படுகையில் மனிதர்கள் விலைக்குப் போயிருக்கிறார்கள். வேளாளருக்கே இந்த நிலை என்றால், அவருக்கும் கீழே நிறுத்தப்பட்டு வயலில் உழைத்தவர்களின் நிலை என்ன?

அவர்களைப் பற்றியும் கல்வெட்டு பேசுகிறது. ஆனால் சோழரின் வீழ்ச்சிக் காலத்தில் அல்ல, உச்சத்தில். முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் சேர்த்துச் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீண்டாமை ஓர் ஊரின் வரைபடமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பொற்காலம் என்று சொல்கிறவர்கள் இந்த வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சோழருக்குப் பின் பாண்டியர் வந்தார்கள். விஜயநகரத்தார், நாயக்கர், மராட்டியர், ஆங்கிலேயர் என்று கொடிகள் மாறின. சேரி ஊருக்கு வெளியேதான் இருந்தது. ஏனென்றால் வந்த எவரும் நில உறவில் கை வைக்கவில்லை. ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவர்களோடு சமரசம் செய்துகொண்டே ஆண்டார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் பறையர் மக்களின் நிலமற்ற நிலையை அறிக்கையாக எழுதிய பிறகுதான், 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. அந்த நிலங்களிலும் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது.

அதே காவிரிப் படுகையில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அப்போது சோழப் பேரரசு முடிந்து ஏறக்குறைய 700 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேரரசுகளின் வீழ்ச்சிக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை, கொண்டாடவும் வேண்டியதில்லை. எந்த வீழ்ச்சியும் தானாக நமக்கு விடுதலை தந்ததில்லை. சோழர் காலத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது?