பள்ளி என்னும் பொதுச்சொல்: கொச்சங்காடி முசுலிம்களும் கிறித்தவ மறைபரப்பின் மொழியும்

1. முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரியைச் சார்ந்த கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி என்னும் பழைய மசூதி உள்ளது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் அது இப்பெயர் பெற்றது. அப்பகுதியில் 1344இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் இன்றில்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் பரதேசிப் பள்ளி வளாகத்தில் பதிக்கப்பட்டுள்ளது. மசூதி, யூதர் கூடம், கிறித்தவக் கோயில் ஆகிய மூன்றையும் மலையாள வழக்கு 'பள்ளி' என்றே சுட்டுகிறது. சோனகர், நசுராணிகள், யூதர் ஆகிய மூவரும் 'மாப்பிள்ளை' எனப் பெற்றனர். ரமலான் விரதமும் கிறித்தவரின் தவக்கால விரதமும் 'நோம்பு' என்றே வழங்குகின்றன. சொல்லளவில் இத்துணை அணுக்கமாக வாழ்ந்த முசுலிம்களிடம் கிறித்தவ மறைபரப்பு எம்மொழியில் பேசியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பரங்கி

போர்ச்சுக்கீசியர் 1500இல் கொச்சிக்கு வந்தனர். வாணிகப் போட்டியும் சமயப் பகையும் அவர்களோடு ஒருங்கே வந்தன. தமிழ்க் கரையிலிருந்து கொச்சியில் குடியேறிய மக்தூம் குடும்பத்தில் தோன்றிய முதலாம் சைனுத்தீன், சிலுவையை வணங்குவோரை எதிர்க்குமாறு முசுலிம்களைத் தூண்டும் அரபுச் செய்யுள் நூலொன்றை இயற்றினார். அவர் பேரர் இரண்டாம் சைனுத்தீன் ஏறத்தாழ 1583 வரையிலான நிகழ்ச்சிகளைத் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் பதிந்தார். கட்டாய மதமாற்றம் பற்றிய குறைகள் அதில் உள்ளன. அரபுநூலார் போர்ச்சுக்கீசியரை 'இஃப்ரஞ்சு' என்றனர். அதனோடு உறவுடைய 'பரங்கி' தமிழில் கிறித்தவத்திற்கும் பெயராயிற்று. 1606இல் மதுரை வந்த தெ நொபிலி இப்பெயரைக் களைய முயன்றதிலிருந்து அதன் சுமையை உணரலாம். அறிவிப்போரின் பெயரே அறிவிப்புக்குத் தடையாயிற்று.

3. எது முசுலிம்களின் மொழி?

கொச்சி நைனா குடும்பத்தார் தம் முன்னோரைக் காயல்பட்டினத்தாராகக் கருதுவர். அத்தகைய குடும்பங்கள் விட்டுவந்த தமிழ்க் கரையில் முசுலிம்களின் தாய்மொழி தமிழே. அதனை அரபெழுத்தில் எழுதும் வழக்கமும் இருந்தது. மலையாளக் கரையிலும் 1607இல் 'முஹ்யித்தீன் மாலை' அரபு-மலையாளத்தில் தோன்றிவிட்டது. எனினும், முசுலிம்களுக்கு மறையறிவிக்க 1728இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் காலன்பர்க் நிறுவிய நிறுவனம் அரபு, இந்துசுத்தானி முதலிய மொழிகளையே நாடியது. சென்னையில் பணியாற்றிய பெஞ்சமின் சூல்ட்சே இயற்றிய இந்துசுத்தானி இலக்கணம் 1745இல் ஹாலேயில் அச்சாயிற்று. விவிலியப் பகுதிகளையும் அவர் அம்மொழியில் பெயர்த்தார். தக்கணி பேசிய ஆர்க்காட்டு முசுலிம்களுக்கு இத்தேர்வு பொருந்தும். காயலுக்கும் கீழக்கரைக்கும் பொருந்தாது. சமயத்தைக் கொண்டு மொழியைக் கணித்ததன் விளைவு இது.

4. சொற்றெரிவு

தமிழ் விவிலியமோ வேறொரு மரபில் வளர்ந்தது. கடவுட்பெயர் சீகன்பால்கிடம் 'சர்வேசுரன்', பப்ரிசியசிடம் 'பராபரன்', 1871 ஐக்கியத் திருப்புதலில் 'தேவன்', 1995 பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' என மாறி வந்துள்ளது. முசுலிம் தமிழில் அல்லாஹ், ஆண்டவன், இறைவன் என்பன வழங்குகின்றன. இயேசு அங்கு ஈசா நபி, நற்செய்தி இன்ஜீல், திருப்பாடல்கள் சபூர். 'ஆண்டவர்' என்பது மட்டும் இருசாராரும் ஏறத்தாழச் சந்திக்கும் இடமாகும்.

இயேசுவை 'ஈசா' எனப் பெயர்த்தால் அணுக்கம் கூடும். ஆனால் 'இறைமகன்' என்ற தொடரில் அவ்வழி அடைபடுகிறது. இறைவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்பது முசுலிம்களின் அடிப்படை நம்பிக்கை. இத்தொடரை வேறு சொல்லால் தளர்த்தலாமா என்ற உலகளாவிய விவாதத்தில், உலக நற்செய்திக் கூட்டமைப்பின் வல்லுநர் குழு 2013இல் நேரடி உறவுச் சொற்களையே பரிந்துரைத்தது.

5. முடிவுரை

கொச்சங்காடியின் 'பள்ளி' மூன்று சமயங்களையும் ஒன்றாக்கவில்லை; அண்டை வீட்டாராக்கியது. பொதுச்சொல் வேறுபாட்டை மறைப்பதற்கன்று, அதனைப் பகையின்றிப் பேசுவதற்கே என்பது இதனால் பெறப்படும். கேட்போரின் வழக்கை எடுத்தாளும் மொழிபெயர்ப்பாளர், அச்சொல்லில் அவர்கள் வைத்துள்ள பொருளையும் மதித்தல் வேண்டும். இன்றேல் ஈசா என்ற பெயரும் பரங்கிச் சொல்லாகவே கேட்கும்.