பகிடி யார் மேல்?

வெள்ளவத்தைப் பாமசியில் நாப்கின் வாங்கினால் அதைப் பேப்பரில சுத்தித்தான் தருவார்கள். பனடோலை யாரும் சுத்தித் தருவதில்லை. ஆனால் அதே காலி வீதி மண்டபத்தில், ஒரு பிள்ளை பெரியவளானதற்கு ஆளுயர பேனரும் வீடியோவும் இருநூறு பேருக்குச் சாப்பாடும் இருக்கும். விஷயத்தை ஊருக்கே சொல்லலாம், அதற்குப் பாவிக்கிற பொருளை மட்டும் காட்டக்கூடாது.

இந்த வெட்கத்துக்கு நடுவில்தான் 2019 ஜனாதிபதித் தேர்தல் வந்தது. நாப்கினை இலவசமாகத் தருவேன் என்றார் சஜித் பிரேமதாச. உடனே 'பேட்மேன்' என்ற பெயர் விழுந்தது. அது 2018 பெப்ரவரியில் வந்த அக்ஷய் குமார் படத்தின் பெயர். மலிவு விலை நாப்கினுக்கு இயந்திரம் செய்த கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் வாழ்க்கையில் இருந்து பிறந்த கதை அது. அங்கே பாராட்டாக இருந்த பெயர் இங்கே பகிடியாகிவிட்டது. சஜித் அந்தப் பெயரைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டார். அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில். வந்த மீம்ஸை எல்லாம் ஃபோர்வர்ட் பண்ணிச் சிரித்தோம், பெண் பிள்ளைகள் உட்பட.

இப்போது யோசித்தால், அன்று சிரிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. 2018 செப்டம்பர் வரை இறக்குமதி நாப்கினுக்கு இருந்த வரி மொத்தம் 101.2 வீதம். அதாவது பொருளின் விலையை விட வரி கூட! மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது செஸ் வரியை எடுத்த பிறகும் 62.6 வீதம் மிஞ்சியது. அந்த அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தவர்தான் இலவசமாகத் தருகிறேன் என்றார். நல்ல நையாண்டிக்காரருக்கு இதைவிட என்ன வேணும்? ஆனால் எங்களுக்கு வந்த ஒரு மீமிலும் வரி இல்லை. 'பேட்' என்ற சொல்லே எங்களுக்குச் சிரிக்கப் போதுமாக இருந்தது.

டீவி நகைச்சுவை இதை வேறு மாதிரியும் செய்திருக்கிறது. 1972 ஜனவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில், 'ஆல் இன் த ஃபேமிலி' தொடர் மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் காட்டியது. ஈடித் எரிந்து விழுகிறாள், அழுகிறாள். புருஷன் ஆர்ச்சி, முப்பது வினாடிக்குள் அதை முடித்துவிடு என்று அதட்டுகிறான். சனம் சிரிக்கிறது. ஆனால் ஈடித்தைப் பார்த்து இல்லை, ஆர்ச்சியின் அறியாமையைப் பார்த்து. அதே வருடம் நவம்பரில் 'மோட்' தொடரில் 47 வயதுப் பெண் ஒருத்தி கருக்கலைப்புச் செய்ய முடிவெடுத்தாள். சில நிலையங்கள் அதை ஒளிபரப்பவே மறுத்தன. ஒரு பகிடிக்கு அவ்வளவு பயந்தார்கள் என்றால், அது எங்கேயோ சரியாகப் பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எங்கட வீடுகளில் நிலைமை வேறு. கொட்டாஞ்சேனையில் எங்கள் நண்பி வீட்டில், நாப்கின் விளம்பரத்தில் அந்த நீலத் தண்ணீர் ஊற்றும்போது அப்பா ரிமோட்டைத் தேடுவார். பிறகு வரும் காமெடி நிகழ்ச்சியில் ஆண் ஒருவர் சேலை கட்டி வந்து பெண்களை நக்கலடிக்கும்போது ரிமோட் மேசையிலேயே கிடக்கும்.

2024இல் பள்ளி மாணவிகளுக்கு நாப்கின் வாங்க 1,200 ரூபாய் வவுச்சர் கொடுக்கும் திட்டம் வந்தது. 2019இல் கேலியாக இருந்த யோசனை ஐந்து வருடத்தில் அரச திட்டமாகிவிட்டது. இடையில் வந்த பொருளாதார நெருக்கடியில், மாதா மாதம் பக்கெட் வாங்க முடியாமல் துணிக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் மீம்ஸ் ஒன்றும் செய்யவில்லை.

பகிடி பண்ண வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்த முறை ஃபோர்வர்ட் பண்ண முதல், அது யார் மேல் விழுகிறது என்று மட்டும் பார்ப்போம்.