ஆர்மீனியக் காசுகளும் அவற்றுக்குரிய அரசரும்

பண்டைய ஆர்மீனியாவின் காசுகளை ஆராயப் புகுவார்க்கு எழுத்துத் தேய்ந்து போயிருப்பதைக் காட்டிலும் பெரிய இடர்ப்பாடு, ஐயத்துக்கு இடமின்றி வாசிக்கப்பட்ட பெயரே இன்ன அரசனைக் குறிக்கிறது என்று நிர்ணயிக்க இயலாமையாகும். அந்நாட்டு அரியணையில் திக்ரனேஸ் என்ற பெயர் பூண்டோர் பலர். அர்த்தவாஸ்தேஸ் என்போரும் ஒருவரல்லர். மூன்றாமவர், நான்காமவர் என்னும் எண்கள் பிற்காலத்து நூலாசிரியர் இட்டவை. 'அரசர் இன்னாருடையது' என்று கிரேக்க மொழியில் பொறிப்பதோடு நின்றுவிட்ட அக்கசாலையார்க்கு அவை வேண்டப்படவில்லை. ஆதலின், உரோமச் சரித்திராசிரியரான தாசிதுஸும் தியோவும் கூறியவற்றைக் கொண்டு முதலில் ஓர் அரசர் பட்டியலை அமைத்து, அதில் வெறுமையாக நிற்கும் இடங்களுக்கெல்லாம் கிடைத்த காசுகளைப் பங்கிட்டுத் தருவது நெடுங்கால வழக்கமாயிற்று. இவ்வழக்கம் பிரமாணமாகாது என்பதே எம் கருத்து.

ஒரு வெள்ளித் திராக்மாவை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு புறத்தில் தலைப்பட்டம் அணிந்த அரசனின் சிரசும், 'மாமன்னர் அர்த்தவாஸ்தேஸுடையது' என்ற வாசகமும், மறுபுறத்தில் அகஸ்துஸின் சிரசும், அவரைத் தெய்வமாகவும் உபகாரியாகவும் போற்றும் வாசகமும் காணப்படுகின்றன. அகஸ்துஸின் ஆட்சியில் உரோமரின் தயவால் ஆர்மீனியாவை ஆண்ட அர்த்தவாஸ்தேஸர் இருவர்: கி.மு. 5ஆம் ஆண்டையொட்டி அமர்த்தப்பட்டு, உரோமர்க்கும் சேதம் நேரத் துரத்தப்பட்டதாகத் தாசிதுஸ் கூறும் மூன்றாமவர் ஒருவர், கி.பி. 4ஆம் ஆண்டையொட்டித் தம் தந்தை அரியோபர்சனேஸுக்குப் பின் வந்த மேதிய நாட்டவரான நான்காமவர் மற்றொருவர். இருவரும் உரோமச் சார்பினராதலின் அகஸ்துஸின் உருவம் இவர்களைப் பிரித்துக் காட்டாது. அவ்வுருவத்தின் வயதும் உதவாது. எழுபதைக் கடந்த பின்னரும் அகஸ்துஸைச் சிற்பிகள் இளைஞராகவே காட்டி வந்தனர். மேதியா, ஆர்மீனியா ஆகிய இரு நாடுகளுக்கு உரியவரான மேதியரே 'மாமன்னர்' எனத்தக்கவர் என்று வாதிக்கலாமெனின், அவ்விருவர்க்கும் முன்னரே அரியணை ஏறிய நான்காம் திக்ரனேஸ் தம்மை 'மாமன்னர், புதிய திக்ரனேஸ்' என்று பொறித்துக்கொண்டமை அவ்வாதத்தைக் குலைத்துவிடுகிறது.

அங்காராக் கோயிற் சுவரில் எஞ்சியுள்ள அகஸ்துஸின் சாசனம் மேதியரை மட்டும் கூறி மற்றவரை விட்டது உண்மையே. ஆயினும், தம் சாதனைகளைப் பறைசாற்ற எழுதுவித்த சாசனத்தில் தோற்றோடிய ஒருவரின் பெயரைச் சக்கரவர்த்தி சேர்ப்பாரென எதிர்பார்ப்பதே பிழையாதலின், அம்மௌனத்தை ஆதாரமாகக் கொள்ளுதல் தகாது.

இதற்கு மாறாக, நான்காம் திக்ரனேஸின் செம்புக் காசொன்றில் எராத்தோவின் உருவமும், அவள் 'அரசர் திக்ரனேஸின் சகோதரி' என்ற வாசகமும் உள்ளன. உடன்பிறந்தார் இருவரும் மணந்து ஆண்டதைத் தாசிதுஸும் சுட்டுவதால் இங்கு வழக்கே எழவில்லை. உறவுமுறை கூறும் ஒரு சொல் செய்த உதவியை எத்தனை உருவ ஒப்பீடுகளும் செய்யமாட்டா.

பெயர் ஒன்றாயிருப்பதால் விளையும் மயக்கம் இது. பெயர் வேறெங்கும் காணப்படாமையால் விளைவதோ இதனினும் விசித்திரமானது. அப்திஸ்ஸாரேஸ் என்னும் அரசனைப் பண்டைய சரித்திராசிரியர் எவரும் அறியார். காசுகளே அவனுக்குச் சாட்சி. அவை ஆர்மீனியப் பகுதியை ஆண்ட ஸெர்க்ஸேஸ் என்னும் அரசனின் காசுகளை ஒத்திருந்தமையால் அவனையும் ஆர்மீனியப் பிரதேசத்தவனாக முன்னையோர் கொண்டனர். செலூக்கிய அரசர் மூன்றாம் அந்தியோக்குஸ், ஸெர்க்ஸேஸின் நகரான அர்மோசாத்தாவை முற்றுகையிட்டதைக் கூறும் பொலிபியுஸ் ஸெர்க்ஸேஸுக்குச் சாட்சியாவான்; அப்திஸ்ஸாரேஸுக்கு அத்தகைய சாட்சி இல்லாதிருந்தும், அயலான் பெற்ற சான்று இவனுக்கும் செல்லுமெனக் கொள்ளப்பட்டது. 1996இல் நாணயவியல் அறிஞர் பிரான்ஸ்வா தெ கலதாய், இவன் ஆர்பேலாவைச் சூழ்ந்த அதியபேன் நாட்டரசன் என நிலைநாட்ட முயன்றார். இன்றைய இராக்கின் குர்திஸ்தானத்தில் பாதாஸ்-ஹரீர் பாறையில் உயர்ந்த கூம்புத் தலையணியோடு வலக்கையை உயர்த்தி நிற்கும் உருவத்தையும் இவனோடு இணைத்துப் பேசுகின்றனர். இவன் அதியபேன் நாட்டரசன் என்பதே எமக்கும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

1978இல் பெடூகியன் வெளியிட்ட ஆர்மீனியக் காசு அட்டவணையையும் 2016இல் கோவாக்ஸ் வெளியிட்டதையும் அருகருகே விரித்துப் பார்ப்பவர், காசு மாறாதிருக்க அதன் உரிமையாளர் மாறியிருக்கும் இடங்கள் பலவற்றைக் காண்பர். அர்த்தவாஸ்தேஸின் திராக்மாவையேனும் அருங்காட்சியகத்தார் 'மூன்றாமவர் அல்லது நான்காமவர்' என்று குறித்து வைப்பதே முறை. அதே அச்சால் அடிக்கப்பெற்று, அரியோபர்சனேஸின் பெயரையும் தாங்கிய வேறொரு காசு வெளிப்படுமாயின், அன்று இவ்வழக்கு மேதியர் பக்கம் தீரும்.