ஆகாய கங்கை (கொல்லிமலை)

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. நோய் தீர்க்கும் நீரெனப் பெயர் பெற்றது. தம்மம்பட்டிப் பக்கத்தார் முள்ளுக்குறிச்சி மலைப்பாதையில் ஏறுவார்கள்; நாமக்கல் பக்கத்தார்க்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். தம்மம்பட்டியை ஒட்டி ஓடும் சுவேத நதிக்கும் இந்த மலைதான் தாய்மடி.

நோய் தீர்க்கும் நீர் என்ற பெயர் வேறு ஊர்களுக்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்பெஃபர் என்ற சிற்றூர் கந்தக ஊற்றால் புகழடைந்தது. நோயாளிகளைக் கொண்டுவர 1885இல் ரயில் பாதையே போட்டார்கள். ஆகாய கங்கையில் கந்தகமும் இல்லை, வெந்நீரும் இல்லை. மூலிகைக் காட்டை அலசிக்கொண்டு வருகிறது என்பதே இதன் கீர்த்திக்குக் காரணம். மூலிகை எவ்வளவு கரைகிறதோ, உச்சந்தலையில் விழும் அடியே பாதி வைத்தியம்.

மலை சங்க காலத்தில் வல்வில் ஓரியுடையது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அறப்பளீசுவரர் கோயில் இருக்கும் அறப்பள்ளி தேவார வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் பாடப்பட்டதும் இந்த ஈசன் பேரில்தான். அறுத்த மீன் பொருந்தி நீந்தியதாகத் தலக்கதை. கோயிலையொட்டிய ஆற்று மீன்களுக்கு இன்றும் பக்தர்கள் இரை போடுகிறார்கள், யாரும் பிடிப்பதில்லை.

புகழ் இப்படியிருக்க, சமவெளிக்காரர்கள் மலையேற அஞ்சிய காலமும் உண்டு. காரணம் மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தங்கி மருத்துவம் பார்த்தவர்கள் ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர். குடிநீரால் வரும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஜெஸ்ஸி வெளியே இழுத்ததை அவர் மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். மருந்து நீர் விழும் மலையில் குடிநீரே நோயாகவும் இருந்தது. 1929இல் ஜெஸ்ஸியையும் அந்த மலைக்காய்ச்சலே கொண்டுபோயிற்று. 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்த மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவராக உலகப் புகழ் பெற்றார்.

அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, குளித்த உடம்போடு ஏறும்போது முழங்கால் கணக்குக் கேட்கும். ஆடி 18ஐ ஒட்டி அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவின்போது கூட்டம் அலைமோதும். மழை வலுத்து வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை. விழுந்த நீர் புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துக்குள் இறங்குகிறது.