வளரி வாத்தியார்

பூங்காவில் பிளாஸ்டிக் தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் 'டிஸ்க் கோல்ஃப்' தெரியுமா உங்களுக்கு? அதற்கான முதல் நிரந்தரக் களத்தை 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்தவர் எட் ஹெட்ரிக்.

ஆனால், குறிபார்த்து எறிவது ராமநாதபுரம் சீமைக்கு ரொம்பப் பழசு! திருப்புல்லாணிக் கோயில் குளத்துக்கே 'சக்கர தீர்த்தம்' என்றுதான் பெயர். பெருமாள் கையில் சக்கரம் என்றால், வீரர்கள் கையில் பிறைபோல் வளைந்த வளரி.

பக்கத்துச் சிவகங்கையில் சின்ன மருது, வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்தார். தேர்ந்த கை என்றால் 100 கெஜத்துக்குள் குறி தப்பாதாம். 1801-ல் போர் மூண்டது. சீடர் கும்பெனிப் படையில். வாத்தியாரோ திருப்பத்தூரில் தூக்கில். அதே ஆண்டு ஆயுதங்களுக்கும் தடை வந்தது.

கற்றுக்கொடுத்த கையை வெல்ஷ் மறக்கவில்லை. 1830-ல் வெளியான தன் நூலில் எழுதிவைத்தார்.